ஃபேனை எத்தனையில் வைப்பது?

சித்திரை மாதம் முழுக்க எங்கள் வீட்டு ஹாலில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கட்டிலில் படுத்திருக்கும் அத்தை, அதாவது என் மாமியார், "டேய், குளிருதுடா, ஃபேனைக் குறைச்சு வை" என்பார். தரையில் செல்போனோடு கிடக்கும் என் மகன், "புழுங்குது பாட்டி, அஞ்சுலயே இருக்கட்டும்" என்பான். சேலத்து வெயிலில் யார் பக்கம் நியாயம் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் அத்தைக்கு 79 வயது. நான் அடுப்படியிலிருந்து வந்து ரெகுலேட்டரை மூன்றில் வைத்துவிட்டுப் போவேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டுவார்கள்.

ஒருநாள் மகன் தீர்ப்பு சொன்னான். "இதுல சண்டை போட என்னம்மா இருக்கு? பாட்டிக்குக் குளிருதுங்கிறது பாட்டியோட உண்மை. எனக்குப் புழுங்குதுங்கிறது என்னோட உண்மை. பொதுவா ஒரு உண்மைன்னு எதுவும் கிடையாது."

"இதை எங்கடா படிச்ச?"

"எங்கயும் படிக்கல. எல்லாரும் சொல்றதுதான்."

நான் தத்துவம் படித்தவள் இல்லை. பி.காம். முடித்து, நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவள். என் தொழிலில் "அது உங்க கூட்டல், இது என் கூட்டல்" என்று யாராவது சொன்னால் அன்றே கணக்குப் புத்தகத்தை மூடிவிட வேண்டியதுதான். ஆனால் மத்தியானங்களில் படிக்கிற பழக்கம் உண்டு. அப்படிப் படித்ததில் பிளேட்டோ எழுதிய 'தியேட்டிடஸ்' என்ற உரையாடலும் ஒன்று. மகன் தீர்ப்பு சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்ததற்கு அதுதான் காரணம். ஃபேன்தான் இல்லை, மற்றபடி இதே வழக்கு அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. ஒரே காற்று வீசுகிறது; நம்மில் ஒருவருக்கு நடுங்குகிறது, இன்னொருவருக்கு இல்லை. காற்று குளிர்ந்ததா, குளிராததா என்று சாக்ரட்டீஸ் கேட்கிறார். அல்லது புரோட்டகோரஸ் சொல்வதுபோல, நடுங்குகிறவனுக்கு அது குளிர், மற்றவனுக்கு இல்லை என்று விட்டுவிடலாமா?

இந்தப் புரோட்டகோரஸ்தான் என் மகனுடைய தீர்ப்புக்கு முதல் சொந்தக்காரர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஆள். ஊர் அப்தெரா, ஏஜியன் கடலின் வடகரையில் இருந்த ஒரு துறைமுகப் பட்டணம். பிற்காலத்தில் கிரேக்கர்கள் முட்டாள்களைப் பற்றி நகைச்சுவை சொல்ல வேண்டுமென்றால் அப்தெராக்காரன் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அணுவைப் பற்றிப் பேசிய டெமாக்ரிட்டஸும் அதே ஊர்தான் என்பதை அவர்கள் எப்படிச் சமாளித்தார்களோ. இந்தக் கட்டுரைக்குள் மூன்றாவதாக இன்னொரு அப்தெராக்காரரும் வரப்போகிறார்.

"எல்லாப் பொருட்களுக்கும் மனிதனே அளவுகோல், இருப்பவை இருக்கின்றன என்பதற்கும், இல்லாதவை இல்லை என்பதற்கும்." புரோட்டகோரஸின் புகழ்பெற்ற வாக்கியம் இது. வேடிக்கை என்னவென்றால், இந்த வாக்கியம் இருந்த அவருடைய நூலின் பெயர் 'உண்மை'. நூல் அழிந்துவிட்டது. வாக்கியம் மட்டும், அதை மறுத்தவர்களின் புத்தகங்களில் தங்கி, நம் கைக்கு வந்திருக்கிறது.

சார்புவாதம் என்று இன்று நாம் சொல்வதன் வேர் இதுதான் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. சரி. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதில்லை. புரோட்டகோரஸிடம் தொடங்கியது, "எதற்கும் அர்த்தமில்லை" என்ற நவீன இன்மைவாதத்தில் வந்து முடிந்தது என்று நேர்கோடு போடுகிறார்கள். எனக்கு அந்தக் கோட்டில்தான் சந்தேகம். காரணம், புரோட்டகோரஸைப் பற்றிக் கிடைக்கிற தகவல்கள் அதற்கு ஒத்துவரவில்லை. அவர் பணம் வாங்கிக்கொண்டு பாடம் சொன்னவர். எவ்வளவு பணம்? பிளேட்டோவே எழுதுகிறார்: மாணவனுக்குக் கட்டணம் அதிகமாகப் பட்டால், கோவிலுக்குப் போய், இந்தப் படிப்பு எனக்கு இவ்வளவு பெறும் என்று சத்தியம் செய்துவிட்டு அந்தத் தொகையைக் கொடுத்தால் போதும். மனிதனே அளவுகோல் என்றவர் தன் சம்பளத்தையும் அப்படியே அளக்கவிட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்து எந்த டியூஷன் மாஸ்டரும் இந்தத் துணிச்சலுக்கு வந்ததில்லை.

உண்மைகளில் ஏற்றத்தாழ்வு இல்லை என்றால் உன்னிடம் எதற்குப் படிக்க வர வேண்டும் என்று சாக்ரட்டீஸ் குத்துகிறார். மனிதன்தான் ஏன் அளவுகோல், பன்றியோ குரங்கோ ஏன் இல்லை என்றும் கேலி செய்கிறார். அப்புறம் அவரே, செத்துப்போன புரோட்டகோரஸுக்காக வாதாடவும் செய்கிறார். அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். காய்ச்சல்காரனுக்குச் சாப்பாடு கசக்கிறது, உடம்பு நன்றாக இருப்பவனுக்கு இனிக்கிறது. கசக்கிறது என்பவனைப் பொய்யன் என்று சொல்ல முடியாது, அவன் நாக்குக்குக் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் வைத்தியர் மருந்து கொடுத்து அவனை இனிக்கிற நிலைக்கு மாற்றுகிறார். பொய்யிலிருந்து உண்மைக்கு யாரும் போகவில்லை. மோசமான நிலையிலிருந்து மேலான நிலைக்குப் போகிறார்கள். வைத்தியர் மருந்தால் செய்வதை ஆசிரியர் சொல்லால் செய்கிறார். இதில் "என்ன வேண்டுமானாலும் செய்" என்பது எங்கே இருக்கிறது? பிளேட்டோவின் இன்னொரு உரையாடலில் இதே புரோட்டகோரஸ் ஒரு கதை சொல்கிறார். தொழில்கள் ஆளுக்கொன்றாகப் பிரிந்திருந்தன; நாணத்தையும் நீதியையும் மட்டும் எல்லாருக்கும் பங்கிடச் சொன்னாராம் கிரேக்கக் கடவுள் ஜீயஸ். இல்லாவிட்டால் ஊர் என்று ஒன்று நிற்காதாம். இன்மைவாதி சொல்கிற கதையா இது?

வழக்கின் அடுத்த வாய்தாவைச் சொல்லிவிடுகிறேன். நாலாம் நாள் ஃபேனை இரண்டில் வைத்தும் அத்தை போர்வை கேட்டார். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டர் 101 காட்டியது. அன்றைக்குக் குளிர்ந்தது காற்று இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. மகன் ஒன்றும் சொல்லாமல் போய் மாத்திரை வாங்கி வந்தான்.

பிளேட்டோ எடுத்துவைக்கிற வாதங்களில் எனக்கு வலுவாகப் படுவதும் இதுதான். இன்று குளிர்கிறதா என்பதற்கு நானே அளவுகோலாக இருந்துவிட்டுப் போகிறேன். நாளைக்குக் காய்ச்சல் வருமா என்பதற்கு? காய்ச்சல் வராது என்று நானும், வரும் என்று வைத்தியரும் சொன்னால், நாளை விடியும்போது எனக்குக் காய்ச்சலாகவும் வைத்தியருக்குக் காய்ச்சல் இல்லாமலுமா இருக்கும்? திராட்சை ரசம் இனிக்குமா புளிக்குமா என்று வருங்காலத்தைச் சொல்ல விவசாயிதான் வேண்டும். நிகழ்காலத்தில் எல்லாரும் சமம். நாளை என்று வந்துவிட்டால் தெரிந்தவன், தெரியாதவன் என்று இரண்டு பேர் உண்டு.

இதைவிடப் பேர்பெற்ற வாதம் ஒன்று இருக்கிறது: எல்லாம் சார்பானது என்றால் அந்த வாக்கியமும் சார்பானதுதானே, அப்போது அதை மறுப்பவர்கள் சொல்வதும் உண்மைதானே என்று திருப்பி அடிப்பது. அதை மகனிடம் சொல்லிப் பார்த்தேன். கொட்டாவி விட்டான். வாயை அடைக்கலாம், மனதை மாற்றாது. பிளேட்டோவுக்கும் அது தெரிந்திருக்கிறது போல. புரோட்டகோரஸ் இப்போது கழுத்துவரை மண்ணிலிருந்து தலையை நீட்டி வந்தால், நான் உளறுகிறேன் என்று காட்டிவிட்டு, மறுபடி உள்ளே போய் ஓடியே போய்விடுவார் என்று சாக்ரட்டீஸ் சொல்லிச் சிரிக்கிறார்.

காற்றிலிருந்து வழக்கங்களுக்கு வருவோம். ஊருக்கு ஊர் நியாயம் மாறும் என்பதற்கு கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிற கதையைத்தான் இன்றுவரை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். பாரசீக மன்னன் டேரியஸ் தன் அவையிலிருந்த கிரேக்கர்களைக் கூப்பிட்டு, செத்துப்போன தகப்பனைத் தின்ன எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டான். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டோம் என்றார்கள். அடுத்து, தகப்பனைத் தின்னும் வழக்கமுள்ள கல்லதியர் என்ற இந்தியர்களைக் கூப்பிட்டு, தகப்பன் உடலை எரிக்க எவ்வளவு வேண்டும் என்றான். அப்படிப்பட்ட வார்த்தையை வாயில் எடுக்காதே என்று அவர்கள் அலறினார்கள். (படிக்கும்போது எனக்கு ஒரு கணம் குழப்பம். எரிப்பவர்கள் என்ற கணக்கில் நான் கிரேக்கர் பக்கம் நின்றிருந்தேன்.)

கதை இங்கேயே முடிந்தால் "எல்லாம் அவரவர் வழக்கம், சரி தவறு ஏதும் இல்லை" என்று முடித்துக்கொள்ளலாம். ஹெரோடோட்டஸ் இதை எதற்காகச் சொன்னார் என்று யாரும் பார்ப்பதில்லை. எகிப்தைப் பிடித்த காம்பிசஸ் என்ற மன்னன் அங்குள்ள கோவில்களையும் சடங்குகளையும் கேவலப்படுத்தினான். அவனுக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறர் வழக்கத்தைப் பார்த்து எவன் சிரிப்பான் என்பதற்குச் சான்றாகத்தான் இந்தக் கதை வருகிறது. வழக்கம்தான் எல்லாருக்கும் அரசன் என்ற கவிஞர் பிந்தாரின் சொல்லையும் சேர்த்துக்கொள்கிறார். ஆக அவர் ஒரு கண்டிப்பான சரி-தவறு சொல்கிறார்: பிறரை மிதிக்காதே.

இருபதாம் நூற்றாண்டில் இதே கதை வேறு உடையில் திரும்பி வந்தது. பண்பாட்டுச் சார்புவாதம் பேசிய அமெரிக்க மானுடவியலாளர்கள் தங்கள் சங்கத்தின் பெயரில் 1947இல், மனித உரிமைப் பிரகடனம் தயாராகிக்கொண்டிருந்தபோது, மேற்கத்திய மதிப்புகளை உலகத்துக்கெல்லாம் பொது என்று வைக்க முடியுமா என்று ஐ.நா.வுக்கு அறிக்கை அனுப்பினார்கள். அவர்கள் மனதில் இருந்தது காலனி ஆட்சிகள்தான். காம்பிசஸ்கள் என்றும் வைத்துக்கொள்ளலாம். 1999இல் அதே சங்கம் மனித உரிமைகளை ஆதரித்துப் பிரகடனம் செய்தது. நடுவில் 52 ஆண்டுகள்.

கிரேக்கர்களிடமே ஒரு வழுக்கல் நடந்தது உண்மை. "எங்களுக்கு எங்கள் நியாயம்" என்பது "நியாயமே பலசாலியுடையது" என்று மாறிய இடத்தை இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பதிவு செய்திருக்கிறார். கி.மு. 416. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிக்கொண்ட நீண்ட போர். மெலோஸ் என்ற சின்னத் தீவு யார் பக்கமும் சேராமல் இருக்கப் பார்த்தது. ஏதென்ஸின் கப்பல்கள் வந்து நின்றன. தூதர்கள் பூசி மெழுகவில்லை: நீதி என்ற பேச்சே சமபலம் உள்ளவர்களுக்கு நடுவில்தான், மற்றபடி பலமுள்ளவர்கள் முடிந்ததைச் செய்வார்கள், பலமில்லாதவர்கள் பட்டுக்கொள்வார்கள். மெலோஸ் பணியவில்லை. முற்றுகைக்குப் பிறகு வயதுவந்த ஆண்களை எல்லாம் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். 500 பேரைக் கொண்டுவந்து அந்த ஊரில் குடியேற்றினார்கள்.

இதற்குப் பழி, புரோட்டகோரஸைப் போலப் பணம் வாங்கிப் பாடம் சொன்ன சோஃபிஸ்டுகள் தலையில் விழுந்தது. சொல்லிக்கொடுத்தவன்தான் கெடுத்தான் என்பது எல்லாக் காலத்திலும் எடுபடும். ஆனால் துசிடிடீஸ் வேறு காரணங்களையும் காட்டுகிறார். கி.மு. 430இல் ஏதென்ஸில் கொள்ளைநோய் வந்தது. நல்லவனும் கெட்டவனும் ஒரே மாதிரி சாவதைப் பார்த்த ஜனங்களுக்குத் தெய்வபயமும் போயிற்று, சட்டபயமும் போயிற்று. தீர்ப்பு வரும்வரை உயிரோடு இருப்போம் என்று யாரும் நம்பவில்லை. கையில் இருப்பதை அன்றே அனுபவித்தார்கள். எதற்கும் அர்த்தமில்லை என்ற மனநிலை அந்த ஊரில் எந்த வகுப்பறையிலும் பிறக்கவில்லை, பிணக்குவியலின் பக்கத்தில்தான் பிறந்திருக்கிறது என்று அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

சரி, வாயால் நேரடியாகவே "எதுவும் இல்லை" என்று சொன்ன ஒருவரும் உண்டு. சிசிலித் தீவின் லியோந்தினியைச் சேர்ந்த கோர்கியாஸ். அவருடைய வாதம் மூன்று படி: எதுவும் இல்லை, இருந்தாலும் அறிய முடியாது, அறிந்தாலும் அடுத்தவருக்குச் சொல்ல முடியாது. இன்மைவாதத்தின் ஜாதகத்தை எழுதுகிறவர்கள் முதல் கட்டத்தில் இவரைத்தான் போடுவார்கள். நான் அவரை அவ்வளவு நம்பமாட்டேன். "இருப்பது மட்டுமே இருக்கிறது, மாற்றம் என்பதே கிடையாது" என்று பார்மெனிடீஸ் என்ற முந்தைய தத்துவவாதி கறாராகத் தருக்கம் செய்திருந்தார். அதே தருக்கத்தை வைத்து நேர் எதிரான முடிவுக்கும் வரமுடியும் என்று காட்டுகிற குறும்பு கோர்கியாஸிடம் தெரிகிறது. டிராய் போருக்குக் காரணம் என்று பழிக்கப்பட்ட ஹெலனுக்கு வக்காலத்து வாங்கி அவர் எழுதிய ஓர் உரை, இது எனக்கு ஒரு விளையாட்டு என்றே முடிகிறது. எதையும் அடுத்தவருக்குச் சொல்ல முடியாது என்ற இந்த மனிதர் கி.மு. 427இல் தன் ஊருக்குப் படை உதவி கேட்டு ஏதென்ஸுக்குத் தூது வந்தார், பேசினார், ஊரே மயங்கியது, கப்பல்களும் போயின. பேச்சு பலிக்காது என்பதைப் பேசிப் பேசியே நூறு வயதுக்கு மேல் வாழ்ந்தார் என்கிறார்கள்.

மூன்றாவது அப்தெராக்காரர் அனக்சார்கஸ். உலகில் இருப்பதெல்லாம் நாடக மேடையில் வரைந்த திரைச்சீலை மாதிரி, கனவிலும் பித்திலும் தெரிவது மாதிரி என்றவர். கோர்கியாஸைப் போலக் குறும்பாக இல்லாமல் நிஜமாகவே அப்படி நினைத்தவர். அலெக்சாந்தரின் படையோடு இந்தியாவரை வந்தார். அவருடன் கூடவே வந்த மாணவர் பிர்ரோ, எலிஸ் என்ற ஊர்க்காரர், முதலில் ஓவியர். இந்தக் குருவும் சீடனும்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தவர்கள்.

கி.மு. 328. இன்றைய சமர்கந்தில் ஒரு குடிவிருந்து. வாய்ச்சண்டை முற்றி அலெக்சாந்தர் ஈட்டியை எடுத்துக் கிளைட்டஸைக் குத்திக் கொன்றான். கிளைட்டஸ் யார்? ஆறு ஆண்டுகளுக்கு முன் கிரானிக்கஸ் போரில் அலெக்சாந்தரின் உயிரைக் காப்பாற்றியவன். போதை தெளிந்ததும் மன்னன் அழுதுகொண்டே கிடந்தான். தேற்றுவதற்காகத் தத்துவவாதிகளை அழைத்து வந்தார்கள். அனக்சார்கஸ் உள்ளே நுழைந்தபடியே சொன்னதை, பிற்காலத்தில் அலெக்சாந்தரின் வரலாறு எழுதிய புளூட்டார்க் குறித்திருக்கிறார்: உலகமே அண்ணாந்து பார்க்கிற அலெக்சாந்தரா இவன், மனிதர்களின் சட்டத்துக்கும் ஏச்சுக்கும் பயந்து அடிமைபோல அழுதுகொண்டு கிடக்கிறானே; இவனே அல்லவா அவர்களுக்குச் சட்டமும் நியாயத்தின் எல்லையுமாக இருக்க வேண்டும்? ஜீயஸின் பக்கத்தில் நீதிதேவதை உட்கார்ந்திருப்பது எதற்கு, ஆள்பவன் செய்வதெல்லாம் நியாயம் என்று காட்டத்தானே?

அலெக்சாந்தரின் துக்கம் குறைந்தது. ஆனால் அவன் முன்னைவிட அகந்தை பிடித்தவனாகவும் சட்டத்துக்கு அடங்காதவனாகவும் ஆனான் என்று புளூட்டார்க் சேர்த்துக்கொள்கிறார். மனிதனே அளவுகோல் என்று ஒரு அப்தெராக்காரர் சொல்லி நூறு ஆண்டு கழித்து, இந்த ஒரு மனிதன்தான் அளவுகோல் என்று இன்னொரு அப்தெராக்காரர் முடித்துவைத்தார்.

பிர்ரோ இந்தியாவில் நிர்வாணத் துறவிகளைப் பார்த்தார் என்று, தத்துவவாதிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த டையோஜனீஸ் லேர்ஷியஸ் எழுதுகிறார். அங்கே ஓர் இந்தியர் அனக்சார்கஸைப் பார்த்து, அரசர்களின் அரண்மனையில் சேவகம் செய்துகொண்டிருக்கும் நீ யாருக்கு நல்லது கற்றுக்கொடுக்கப் போகிறாய் என்று கேட்டாராம். அதைக் கேட்டுக்கொண்டிருந்த பிர்ரோ அதிலிருந்து ஒதுங்கி வாழத் தொடங்கினாராம். பௌத்தத்திலிருந்துதான் பிர்ரோ தன் தத்துவத்தை எடுத்தார் என்று இதை வைத்துப் புத்தகமே எழுதியவர்கள் உண்டு. கிடைத்திருப்பதோ சில வரிகள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அந்த இந்தியரின் கேள்வி ஒன்றே எனக்குப் போதும்.

பிர்ரோ சொன்னது இது: பொருட்களை வேறுபடுத்தவோ அளக்கவோ தீர்மானிக்கவோ முடியாது. ஆகவே இது இப்படித்தான் என்று அடித்துச் சொல்லாதே. அடம் விட்டுப்போனால் கலக்கமின்மை தானாக வரும். திரைச்சீலை என்ற குருவின் பேச்சுக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. ஆனால் ஊர் திரும்பிய பிர்ரோ என்ன செய்தார் தெரியுமா? மருத்துவச்சியாக இருந்த தன் சகோதரி பிலிஸ்டாவோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார். கோழியும் பன்றிக்குட்டியும் கிடைத்தால் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார். வீட்டைப் பெருக்கித் துடைத்தார். பன்றியைக் குளிப்பாட்டினார். எலிஸ் ஊரார் அவரைத் தலைமைப் பூசாரியாக்கினார்கள். அவருக்காகவே தத்துவவாதிகளுக்கெல்லாம் வரிவிலக்கு கொடுத்தார்கள். கிட்டத்தட்ட 90 வயதுவரை இருந்தார்.

வண்டி வந்தாலும் பள்ளம் வந்தாலும் விலகமாட்டார், நண்பர்கள்தான் பின்னாலேயே போய்க் காப்பாற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. 90 வயது வாழ்ந்த ஆளைப் பற்றி இதை எப்படி நம்புவது? அவர் பேச்சில்தான் தீர்ப்பை நிறுத்திவைத்தார், நடையில் இல்லை என்று ஐனெசிடிமஸ் என்ற பிற்காலச் சீடர் மறுத்திருக்கிறார். அதற்கு முன்பே அரிஸ்டாட்டில், எல்லாம் ஒன்றுதான் என்கிறவன் விடிகாலையில் கிணற்றிலோ பள்ளத்திலோ போய் விழாமல் ஏன் பார்த்து நடக்கிறான் என்று கேட்டு வைத்திருந்தார். ஒரு தடவை நாய் பாய்ந்து வந்தபோது பிர்ரோ பயந்து ஒதுங்கினார். பக்கத்திலிருந்தவர் கேலி செய்ததும், மனிதத்தன்மையை முழுசாகக் கழற்றிப் போடுவது கஷ்டம்தான் என்றார். இன்னொரு தடவை சகோதரிக்காகக் கோபப்பட்டுவிட்டு மாட்டிக்கொண்டார். சமநிலையைக் காட்டுவதற்கு ஒரு பெண்ணின் விஷயமா கிடைத்தது என்று சமாளித்தார்.

அனக்சார்கஸையும் ஒரேயடியாக ஜால்ரா என்று தள்ளிவிட முடியாது என்பதுதான் சிக்கல். சைப்ரஸின் நிகோக்ரியான் என்ற கொடுங்கோலன் பழைய பகையில் அவரைப் பிடித்து உரலில் போட்டு இரும்பு உலக்கையால் இடிக்கச் சொன்னான். "அனக்சார்கஸின் பையைத்தானே இடிக்கிறாய், இடி; அனக்சார்கஸை உன்னால் இடிக்க முடியாது" என்றாராம். உடம்பும் திரைச்சீலைதான் என்று கடைசிவரை நின்றிருக்கிறார். அலெக்சாந்தரின் முன்னால் மண்டியிட வைத்த அதே கொள்கை, உரலுக்குள் அவரை நிமிர்ந்து இருக்க வைத்தது. கொள்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆள் என்ன செய்வான் என்று கணக்குப் போட முடியாது. என் தொழில் புத்திக்கு இது ஒத்துவராததுதான், ஆனால் வேறு முடிவுக்கு என்னால் வர முடியவில்லை.

இதெல்லாம் நமக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதற்குச் சுருக்கமான பதில்: பிர்ரோவின் வழியை செக்ஸ்டஸ் எம்பிரிகஸ் என்பவர் கிரேக்கத்தில் எழுதிவைத்தார், அது 1562இல் லத்தீனில் அச்சானது, பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேன் அதிலிருந்து வரிகளைத் தன் நூலக உத்தரங்களில் எழுதிவைத்துக்கொண்டார், தத்துவவாதி டெக்கார்ட்ஸ் 1641இல் அந்தச் சந்தேகங்களைத் தாண்டப் பார்த்தார். ஐயத்தின் வழி இது. இன்மைவாதம் இந்த வழியாக வரவில்லை.

நிஹிலிசத்தைத் தமிழில் சூனியவாதம் என்றும் எழுதுகிறார்கள். அந்தச் சொல் நாகார்ஜுனரின் பௌத்தத்தை இழுத்துக்கொண்டு வந்துவிடுவதால் நான் இன்மைவாதம் என்கிறேன். ஜெர்மனியில் யாகோபி என்பவர் 1799இல் ஃபிக்டே என்ற தத்துவவாதியைச் சாட இந்தச் சொல்லைக் கையில் எடுத்தார். 1862இல் ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் 'தந்தையரும் தனயரும்' நாவலில் வந்த பசாரவ், அதை ஊரறிந்த சொல்லாக்கினான். ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயிடம் வந்தபோதுதான் அதற்கு வரலாறு கிடைத்தது. அவர் 24 வயதில் பாசல் பல்கலைக்கழகத்தில் கிரேக்க-லத்தீன் மொழிப் பேராசிரியர் ஆனவர். மாணவராக இருந்தபோதே டையோஜனீஸ் லேர்ஷியஸ் தன் செய்திகளை எங்கிருந்து எடுத்தார் என்று ஆராய்ந்து பரிசு வாங்கியவர். பன்றிக்குட்டிக் கதையெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அந்த நீட்சே, இன்மைவாதத்தின் பழியை சோஃபிஸ்டுகள் மீது போடவில்லை. 1888இல் எழுதிய ஒரு பக்கத்தில், "மெய்யுலகம்" என்பது எப்படிக் கட்டுக்கதையாக முடிந்தது என்று ஆறு படிகளில் சொல்கிறார். முதல் படியில் நிற்பவர் பிளேட்டோ. கண்ணுக்குத் தெரிகிற இந்த உலகத்துக்கு அப்பால் மாறாத ஓர் உலகம் உண்டு, ஞானிக்கு அது கிட்டும் என்பது அங்கே. அப்புறம் அது செத்தபின் கிடைக்கும் என்று கிறிஸ்தவத்தில் தள்ளிப்போகிறது. அப்புறம் எட்டாது, ஆனாலும் கடமை உண்டு என்று ஆகிறது. கடைசியில் அப்படி ஓர் உலகமே வேண்டாம் என்று ஒழித்துவிடுகிறோம். ஒழித்தபின் மிச்சம் எது? தோற்ற உலகமா? இல்லை, மெய்யுலகத்தோடு சேர்ந்து தோற்ற உலகமும் போய்விட்டது என்கிறார்.

இதைத்தான் நான் நேர்கோடு பற்றிச் சொல்ல வந்தேன். காற்று எனக்குக் குளிர், உனக்கு இல்லை என்று ஆரம்பத்திலேயே ஒத்துக்கொண்ட புரோட்டகோரஸுக்கு இழக்க ஒன்றுமில்லை. அவர் ஊரில் பள்ளிக்கூடமும் நீதிமன்றமும் நடந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் அந்த ஒரு மெய்யுலகத்தில் கொண்டுபோய் அடகு வைத்தவன்தான், அது இல்லை என்று தெரிந்த நாளில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறான். சார்புவாதத்தின் வேர் சோஃபிஸ்டுகளிடம் இருக்கலாம். இன்மைவாதத்தின் வேர் அவர்களை எதிர்த்தவரின் தோட்டத்தில் இருக்கிறது.

மகனைப் பற்றி முழுசும் சொல்லவில்லை. அவன் எஞ்சினீயரிங் முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறான். ஏழெட்டு இன்டர்வியூ போய்வந்தான். ஒரு கம்பெனி வேலை உறுதி என்று கடிதம் கொடுத்துவிட்டுச் சேரும் தேதியை மூன்று தடவை தள்ளிவைத்து, பிறகு பதிலே போடவில்லை. ஆடி மாதத்துக்குள் அவன் பேச்சு மாறிவிட்டது. "என் உண்மை, உன் உண்மை" என்பதெல்லாம் போய், "எதுவுமே மேட்டர் இல்லம்மா" என்று வந்து நின்றது. முதல் பேச்சு முற்றித்தான் இரண்டாவது பேச்சு வந்தது என்று நான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. பத்தாம் வகுப்பில் மார்க் வாங்கு, அப்புறம் நிம்மதி என்றோம். பன்னிரண்டில் வாங்கு, அப்புறம் நிம்மதி என்றோம். கேம்பஸில் வாங்கு, அப்புறம். பதினைந்து வருஷமாக ஒரு மெய்யுலகத்தைக் காட்டிக் காட்டி அவனை நடக்கவிட்டது நாங்கள்தான். அந்த வீட்டில் பிளேட்டோ நானும் என் கணவரும். சோஃபிஸ்டுகளைக் குறைசொல்லி என்ன ஆகப்போகிறது?

இதை அவனிடம் இப்படியே சொல்லவில்லை. பிர்ரோ கதையைத்தான் சொன்னேன், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் ஸ்டூலில் ஏறி ஃபேன் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அலெக்சாந்தர் வரைக்கும் அவன் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பன்றியைக் குளிப்பாட்டிய இடம் வந்ததும் துணியை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"எதுவும் நிச்சயம் இல்லைன்னு சொல்ற ஆளு, அழுக்குன்னு மட்டும் எப்படி முடிவு பண்ணாரு?"

"தெரியலடா. அந்தம்மா சொல்லியிருப்பாங்க."

"எந்தம்மா?"

"பிலிஸ்டா. கூடப் பிறந்தவங்க. பிரசவம் பார்க்கிறவங்க."

கட்டிலில் இருந்த அத்தை, "இருக்கும், இருக்கும்" என்றார். யாருக்கு, எதற்கு என்று கேட்கவில்லை.

"அவங்க என்ன நினைச்சாங்கன்னு யாராவது எழுதியிருக்காங்களா?" என்றான்.

ஒரு வரிகூட இல்லை. சொன்னேன். மீதி இரண்டு இறக்கையையும் துடைத்துவிட்டு இறங்கினான்.